சொட்டாத ஓட்டை

ஒழுகுகிற ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் தரையில் படிந்த டீசல் திட்டே இடத்தைச் சொல்லிவிடும். ஆளைப் படுத்தியெடுப்பது ஒழுகாத ஓட்டை. முந்தின இரவு நன்றாக ஓடி வந்து நின்ற பிக்கப், காலையில் ஸ்டார்ட்டரை வெகுநேரம் சுற்றவைத்து, இரண்டு மூன்று முறை திக்கி, அப்புறம்தான் பிடிக்கும். பிடித்துவிட்டால் அன்று முழுக்கக் குறையே தெரியாது. தரையில் ஒரு சொட்டு இருக்காது. உரிமையாளர் பேட்டரியை மாற்றுவார். ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கொடுப்பார். கடைசியில் விலையுயர்ந்த இன்ஜெக்‌ஷன் பம்பின்மேல் கை வைப்பார். இத்தனைக்கும் காரணம், பல நேரங்களில், சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே தொங்கும் ஒரு சாண் ரப்பர் ஹோஸில் விழுந்த மெல்லிய வெடிப்புதான்.

எந்தப் பழைய டீசல் பிக்கப்பிலும் இது நடக்கும். இருந்தாலும் ஒரு வண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. அமெரிக்காவின் டாட்ஜ் ராம் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். 1989 மாடலிலிருந்து கிரைஸ்லர் நிறுவனம் அதில் கம்மின்ஸ் 6பிடி எஞ்சினைப் பொருத்தியது. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள், 5.9 லிட்டர் கொள்ளளவு, டர்போ, 160 குதிரைத்திறன். விவசாய இயந்திரங்களுக்கும் நடுத்தர லாரிகளுக்கும் என வடிவமைத்த எஞ்சின் அது. ஒரு பிக்கப்புக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு முரட்டுத்தனமானது. நமக்கும் இது அந்நியமில்லை. 1993இல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் தயாரித்து டாடா லாரிகளுக்குக் கொடுத்தது இதே பி வரிசை 5.9 லிட்டர் எஞ்சினைத்தான். நாமக்கல், சங்ககிரி பட்டறைக்காரர்களுக்கு அதன் சத்தம் தூக்கத்திலும் அடையாளம் தெரியும்.

எஞ்சின் இரும்பு முப்பது வருடம் தாங்குகிறது. அதற்கு டீசல் கொண்டுவரும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் அவ்வளவு தாங்குவதில்லை. ஆகவே இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் பழைய ராம் வண்டிகளில் கோளாறு என்றால் அது பெரும்பாலும் டீசல் வரும் பாதையில்தான்.

அந்தப் பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவோம். டேங்குக்குள் ஓர் உறிஞ்சு குழாய். அங்கிருந்து சேஸிஸ் ஓரமாக இரும்புக் குழாய். எஞ்சினை நெருங்கும் இடத்தில், அதிர்வு தாங்குவதற்காக, ரப்பர் ஹோஸ். பிறகு எஞ்சின் பக்கவாட்டில் பொருத்திய ஃபீட் பம்ப். அமெரிக்கர்கள் இதை லிஃப்ட் பம்ப் என்பார்கள். அது டீசலை ஃபில்டருக்குத் தள்ள, ஃபில்டரிலிருந்து இன்ஜெக்‌ஷன் பம்புக்கு, அங்கிருந்து ஆறு எஃகுக் குழாய்கள் வழியாக ஆறு நாசில்களுக்கு. மிஞ்சும் டீசல் தனிக் குழாயில் டேங்குக்கே திரும்பும்.

இந்தப் பாதையில் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. வரைபடத்தில் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். ஃபீட் பம்புக்கு அப்புறம் வரும் எல்லா இடத்திலும் டீசலின் அழுத்தம் வெளிக்காற்றைவிட அதிகம். ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள எல்லா இடத்திலும் அது வெளிக்காற்றைவிடக் குறைவு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வரும். இந்தப் பக்கம் விழுந்தால் காற்று உள்ளே போகும். சொட்டாத ஓட்டையின் ரகசியம் இவ்வளவுதான்.

பம்ப் டீசலை 'இழுக்கிறது' என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். திரவத்தைப் பிடித்து இழுக்க முடியாது. பம்ப் தன் வாயிலில் அழுத்தத்தைக் குறைக்கிறது. டேங்கில் உள்ள டீசலின் மேல் நிற்கும் காற்று அதைத் தள்ளிக்கொண்டு வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் டோரிசெல்லி பாதரசக் குழாயை வைத்துக் காட்டிய அதே காற்றழுத்தம்தான் இங்கும் வேலைக்காரன். கடல்மட்டத்தில் அதன் பலம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. தண்ணீரை ஏறத்தாழ 10 மீட்டரும், அதைவிட லேசான டீசலை ஏறத்தாழ 12 மீட்டரும் தூக்கிவிடும். பிக்கப்பில் தூக்கவேண்டிய உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. ஆக, காற்றிடம் பலம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அது டேங்க் வழியாகத்தான் தள்ளவேண்டும். வழியில் ஒரு வெடிப்பு கிடைத்தால் குறுக்கு வழியில் நுழைந்துவிடும். டேங்க் மூடியின் காற்றுத் துளை தூசியால் அடைத்துக்கொண்டால் தள்ளவே முடியாது. ஓடி ஓடிச் சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி நிற்கும் வண்டியில், எந்த ஸ்பேனரையும் தொடுவதற்குமுன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டால் வேலை முடிந்தது.

காலையில் மட்டும் தகராறு செய்வது ஏன் என்பதும் இதிலிருந்தே புரியும். எஞ்சின் ஓடும்போது சிறு வெடிப்பு வழியாக நுழையும் காற்று டீசலோடு கலந்து திரும்பும் குழாய் வழியாக வெளியேறிவிடும். எஞ்சின் நின்றதும் அந்த வெடிப்பு வேறு வேலை செய்கிறது. வைக்கோல் குழலின் மேல்நுனியை விரலால் மூடியிருக்கும்வரை உள்ளே நீர் நிற்கும், விரலை எடுத்தால் விழும் அல்லவா? வெடிப்பு, அந்த விரலை இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறது. டீசல் தன் எடையால் டேங்குக்கு இறங்கிவிட, குழாயில் காற்று குடியேறிவிடும். திரும்பும் குழாயில் வெடிப்பு இருந்தாலும் இதே கதைதான். முன்னே போகும் ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு 'இன்னும் சரியாகவில்லையே' என்று தலையைப் பிடித்துக்கொள்பவர்கள் இதை மறந்தவர்கள்.

கொஞ்சம் காற்று போனால் என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த எஞ்சின் முழு பலத்தில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 30 லிட்டர் டீசல் எரிக்கும். நிமிடத்துக்கு 2,500 சுற்று என்றால் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து விநாடிக்கு 125 முறை நாசில் பீய்ச்ச வேண்டும். வகுத்தால் ஒரு பீய்ச்சலுக்கு ஏறத்தாழ 67 கன மில்லிமீட்டர் வருகிறது. அதே கொள்ளளவில் ஒரு காற்றுக் குமிழ் 5 மில்லிமீட்டர் விட்டம், அதாவது ஒரு மிளகு அளவுதான் இருக்கும். நாசில் திறக்க 250 பார் அளவு அழுத்தம் வேண்டும். டீசலை 250 பாருக்கு அழுத்தினால் அதன் கொள்ளளவு இரண்டு சதவீதம்கூடக் குறையாது. பம்புக்குள் டீசலை அழுத்தும் பிளஞ்சரின் தள்ளல் அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். காற்றோ அந்த அழுத்தத்தில் 250இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பிளஞ்சர் தன் ஓட்டத்தை அந்த மிளகை நசுக்குவதிலேயே செலவழித்துவிட்டுத் திரும்பும், நாசில் திறக்காது, அடுத்த சுற்றில் குமிழ் மறுபடி விரியும். 'ஏர் லாக்' என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

இனி சோதனைக்கு வருவோம். எதையும் கழற்றுவதற்குமுன் புகைபோக்கியைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை. சூடு போதவில்லை அல்லது கம்ப்ரஷன் போதவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. ஏற்றத்தில் கரும்புகை கக்கிக்கொண்டு பலம் இழந்தால் டீசல் குறையில்லை, காற்றுதான் பற்றவில்லை. டர்போ பக்கம் போய்ப் பாருங்கள். புகையில்லாமல் பலம் இழந்தால் இந்த அத்தியாயம் உங்களுக்கானது. காசு செலவில்லாத சோதனை. ஏனோ பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு ஈதர் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் அமெரிக்காவிலும் உண்டு, இங்கும் உண்டு. இந்தக் கம்மின்ஸில் அது வேண்டவே வேண்டாம். குளிரில் காற்றைச் சூடாக்க உள்ளிழுப்புப் பாதையிலேயே மின்கம்பி அடுப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். பழுக்கக் காய்ந்த கம்பியில் ஈதர் பட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாற்றுங்கள், அடியில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். வடித்ததில் கறுப்பாக வழவழப்பாக ஏதாவது வந்தால் அது தண்ணீருக்கும் டீசலுக்கும் இடைப்பட்ட விளிம்பில் வளரும் பூஞ்சை. டேங்கையே கழுவ வேண்டியிருக்கும். கடுங்குளிர் மாநிலங்களில் டீசலின் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைப்பது தனிக் கதை. 1994 முதல் 1998 நடுப்பகுதி வரை வந்த ராம் வண்டிகளில் ஃபீட் பம்புக்குச் சற்று முன்னால் ஹீட்டரோடு சேர்ந்த சின்ன வலைச் சல்லடை ஒன்று ஒளிந்திருக்கிறது. பெரிய ஃபில்டரை மூன்று முறை மாற்றியவர்கள்கூட அது இருப்பதே தெரியாமல் இருப்பார்கள்.

அடைப்பும் ஓட்டையும் நேர் எதிரான நோய்கள். வெளிக்குத் தெரியும் அறிகுறி ஒன்றேதான்: எஞ்சினுக்கு டீசல் பற்றவில்லை. இரண்டையும் பிரித்துச் சொல்லும் கருவி ஃபீட் பம்பின் வாயிலில் மாட்டும் வெற்றிட மானி. முள் வழக்கத்தைவிட அதிகமாக இறங்கினால் பின்னால் எங்கோ அடைப்பு. முள் சோம்பலாக நின்று, குழாயில் குமிழ் ஓடினால் ஓட்டை. மானி இல்லாதவர்கள் அரை அடி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை வாயிலுக்கு முன்னால் இணைத்துப் பார்க்கலாம். குமிழ் கண்ணுக்கே தெரியும்.

ஓட்டை என்று தெரிந்துவிட்டது; எங்கே? டேங்கிலிருந்து பம்ப் வரை மூன்று மீட்டருக்கு மேல் குழாய், பல இணைப்புகள். இங்கே நம் லாரி மெக்கானிக்குகளின் பழைய கைவேலை ஒன்று அபாரமாக உதவும். ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி எஞ்சினுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு ஹோஸ் கொடுப்பார்கள். வண்டி ஒழுங்காக ஓடினால் பம்பும் அதற்கு அப்புறம் உள்ளவையும் நிரபராதி. பாதையின் பாதியை ஒரே வெட்டில் விலக்கிவிட்டோம். கேனை ஏன் உயரத்தில் கட்டவேண்டும்? தரையில் வைத்தால் பம்ப் உறிஞ்ச வேண்டும்; புது ஹோஸின் இணைப்பிலேயே காற்று நுழைந்து சோதனையைக் கெடுக்கலாம். மேலே கட்டினால் டீசலின் எடையே அழுத்தத்தை வெளிக்காற்றைவிட உயர்த்திவிடும். எல்லைக்கோடு இடம் மாறிவிட்டது. புத்தகத்தில் படிக்காமல் வந்த அறிவு. இயற்பியல் ஆசிரியர் திருத்த அதில் ஒன்றுமில்லை.

இதே தந்திரத்தை முழுப் பாதைக்கும் செய்யலாம். டேங்கின் வாயை ரெகுலேட்டர் மாட்டிய காற்றுக் குழாயால் அடைத்து, சதுர அங்குலத்துக்கு இரண்டு அல்லது மூன்று பவுண்டு காற்று மட்டும் கொடுத்தால், இத்தனை நாள் உறிஞ்சிக்கொண்டிருந்த பாதை முழுவதும் வெளிக்காற்றைவிட உயர்ந்த அழுத்தத்துக்கு வந்துவிடும். காற்று நுழைந்த வெடிப்பிலிருந்து இப்போது டீசல் சொட்டும். ஒளிந்திருந்தவன் தானாக வெளியே வருகிறான். ஆனால் மூன்று பவுண்டுதானே என்று அலட்சியம் வேண்டாம். ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்ட டேங்க் முகத்தில் அந்த மூன்று பவுண்டு கொடுக்கும் மொத்த விசை ஏறத்தாழ ஒரு டன் எடைக்குச் சமம். பட்டறைக் கம்ப்ரஸரின் காற்றை ரெகுலேட்டர் இல்லாமல் திறந்தால் டேங்க் உப்பி வெடிக்கும். பெட்ரோல் வண்டியில் இதை முயலவே கூடாது; ஆவியும் காற்றும் சேர்ந்த டேங்கில் ஒரு பொறி போதும்.

சில ஓட்டைகள் தங்கள் உயரத்தைத் தாங்களே சொல்லிவிடும். 1994இல் தொடங்கிய இரண்டாம் தலைமுறை ராம் வண்டிகளில் பழக்கமான புகார் ஒன்று: கால் டேங்க் இருக்கும்போதே வண்டி டீசல் தீர்ந்ததுபோல் நின்றுவிடும், நிரப்பினால் மறுபடி ஒழுங்கு. முள் பொய் சொல்கிறது என்று டாஷ்போர்டின் டீசல் அளவு மானியைத் திட்டுவார்கள். டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயில் வெடிப்பு இருந்தால் இப்படித்தான் நடக்கும். டீசல் மட்டம் வெடிப்புக்கு மேலே இருக்கும்வரை அது உறிஞ்சுவதும் டீசல்தான். மட்டம் கீழே இறங்கியதும் காற்று.

ரப்பர் ஏன் ஒரே காலகட்டத்தில் கூட்டம் கூட்டமாகக் கெட்டது என்பதற்கு வேதியியல் பக்கம் ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் டீசலில் கந்தகத்தை 1993இல் பத்து லட்சத்துக்கு 500 பங்காகவும், 2006இல் 15 பங்காகவும் குறைத்தார்கள். கந்தகத்தை நீக்கும் ஹைட்ரஜன் சுத்திகரிப்பு டீசலில் உள்ள அரோமாட்டிக் சேர்மங்களையும் குறைக்கிறது. பழைய வண்டிகளின் நைட்ரைல் ரப்பர் சீல்கள் அந்தச் சேர்மங்களை உறிஞ்சி உப்பியே இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தவை. புது டீசலில் அவை சுருங்கின. இளம் ரப்பர் சமாளித்துக்கொண்டது. வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து இறுகியது கசிந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 டீசலின் வரம்பு 10 பங்கு. இங்கேயும் பழைய வண்டிக்கு ஹோஸ் வாங்கும்போது, புது டீசலுக்கு ஏற்ற ரகமா என்று கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

இன்ஜெக்‌ஷன் பம்புக்கு வருவோம். 1989 முதல் 1993 வரை ராமில் இருந்தது போஷ் நிறுவனத்தின் விஇ ரோட்டரி பம்ப். 1994 முதல் 1998 நடுப்பகுதி வரை பி7100 என்ற இன்லைன் பம்ப். ஆறு சிலிண்டருக்கு ஆறு பிளஞ்சர். பி7100இன் உள் கேலரியில், அதாவது பிளஞ்சர்களுக்கு டீசல் வரும் அறையில், அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது அதன் வெளிவாசலில் உள்ள ஸ்பிரிங் வால்வு. ஐட்லிங்கில் சதுர அங்குலத்துக்கு 17 முதல் 22 பவுண்டு இருக்கவேண்டிய இடத்தில் பத்துதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபீட் பம்ப் தளர்ந்துவிட்டதா, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா? திரும்பும் ஹோஸை ஒரு கணம் நசுக்கிப் பிடியுங்கள். அழுத்தம் குபீரென்று ஏறினால் பம்ப் நலம், தேய்ந்தது ஸ்பிரிங். சின்ன வால்வை மாற்றினால் தீரும் குறைக்குப் பம்பையே மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

காற்றை வெளியேற்றும் வேலையில் ஓர் எச்சரிக்கை. ஃபீட் பம்பிலுள்ள ரப்பர் பொத்தானைக் கை சலிக்க அமுக்கி ஃபில்டர் வரை டீசலை ஏற்றிவிட்டு, நாசில் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றுவார்கள்; நுரை போய்ச் சுத்தமான டீசல் வந்ததும் இறுக்குவார்கள். ஐட்லிங்கில் ஓடும் எஞ்சினில் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, சத்தம் மாறாத சிலிண்டர்தான் செத்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பதும் உண்டு. இரண்டு சமயத்திலும் கையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் வரும் ஊசி முனைத் தாரை தோலைத் துளைத்து உள்ளே டீசலைச் செலுத்திவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். கசிவைத் தேட அட்டைத் துண்டு போதும்.

உறிஞ்சும் பக்கத்தின் மௌனம் எவ்வளவு விலை கேட்கும் என்பது 1998 நடுவில் ராமில் வந்த 24 வால்வு எஞ்சினில் தெரிந்தது. அதில் விபி44 என்ற மின்னணு ரோட்டரி பம்ப். பி7100 எஞ்சின் ஆயிலில் உயவு பெற்றது. விபி44க்கு உயவும் குளிர்ச்சியும் அதன் வழியே ஓடும் டீசல்தான். மேலே உட்கார்ந்திருக்கும் மின்னணுப் பலகையைக் குளிர்விப்பதும் அதே டீசல். அதற்கு டீசல் கொடுக்க ஒரு மின்சார ஃபீட் பம்பை வைத்தார்கள், டேங்கிலிருந்து வெகுதூரம் தள்ளி எஞ்சின் உடம்பில். அந்த ரக பம்புகள் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சுமார். சீக்கிரமே சாகத் தொடங்கின.

வினோதம் என்னவென்றால், அது செத்தாலும் வண்டி ஓடியது. விபி44க்குள்ளேயே ஒரு சிறு உறிஞ்சு பம்ப் இருக்கிறது. அது டேங்கிலிருந்து தானே இழுத்துக்கொண்டது. எல்லைக்கோடு சத்தமில்லாமல் நகர்ந்து விபி44இன் வாசலுக்கே வந்துவிட்டது. ஓட்டுநருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. டாஷ்போர்டில் டீசல் அழுத்த மானியும் இல்லை. உள்ளே உயவு குறைந்து, சூடு ஏறி, ஒரு நாள் பி0216 என்ற பிழைக்குறி எரியும். ஆயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள பம்ப் போயிருக்கும். புதுப் பம்ப் மாட்டி, செத்த ஃபீட் பம்பை அப்படியே விட்டால் இரண்டாவதும் அதே வழியில் போகும். பின்னாளில் டாட்ஜ் விற்பனையாளர்கள் டேங்குக்குள்ளேயே பொருத்தும் ஃபீட் பம்பைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதை மாட்டியபின் டேங்கிலிருந்து எஞ்சின் வரை முழுக் குழாயும் தள்ளும் பக்கம் ஆகிவிடும். வெடிப்பு விழுந்தால் சொட்டும்.

இந்த வண்டி வைத்திருப்பவர்கள் இப்போது தாங்களே அழுத்த மானி மாட்டிக்கொள்கிறார்கள். ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டரில் முள் 10 பவுண்டுக்குக் கீழே போனால் ஃபில்டரையும் ஃபீட் பம்பையும் கவனிக்க வேண்டும் என்பது அவர்களிடையே புழங்கும் கணக்கு. மாட்டும்போது இரண்டு விஷயம். விபி44 தன் ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பும். சென்சாரை நேராக அதன் வாசலில் திருகினால் கொஞ்ச நாளில் அடி வாங்கியே செத்துவிடும். நடுவில் ஊசி வால்வு ஒன்றை வைத்து ஏறக்குறைய மூடிவைக்க வேண்டும். டீசல் குழாயை நேராகக் கேபினுக்குள் கொண்டுவந்து முள் மானியில் இணைப்பதும் ஆபத்து. சென்சாரை எஞ்சின் பக்கமே வைத்து, உள்ளே ஒயர் மட்டும் வரட்டும்.